எலும்பைக் காக்குமா தெம்பே?

கோலாலம்பூர் சௌகிட் சந்தையில் வாழையிலையில் சுற்றி விற்கும் தெம்பேயை வாங்கி வெட்டிப் பாருங்கள், சோயா பருப்புகளை ஒரு வெள்ளைப் பூசணம் பஞ்சுபோல் இறுகப் பிடித்திருக்கும். நம் வீடுகளில் பலர் அதை மலாய் சாப்பாடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஐம்பதை நெருங்கும் பெண்களுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்கிறேன், காரணம் எலும்பு.

எலும்பு சும்மா கிடக்கும் பொருள் இல்லை. பெரியவர்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற உயிரணுக்கள் எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு அமிலம் சுரந்து குழி பறிக்கும், அப்புறம் ஆஸ்டியோபிளாஸ்ட் உயிரணுக்கள் வந்து அந்தக் குழியை நிரப்பும். பறிக்க இரண்டு மூன்று வாரம் போதும், நிரப்ப மூன்று நான்கு மாதம் பிடிக்கும். பறிப்பவர்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அது சரிந்துவிடுவதால் குழிகள் பெருகி, நிரப்புகிறவர்கள் பின்தங்கி, முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் சிலருக்கு 20 சதவீதம் வரைகூட எலும்பு போய்விடுகிறது.

இங்கேதான் சோயா வருகிறது. அதிலுள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் என்ற ஐசோஃபிளேவோன்களின் வடிவம் ஈஸ்ட்ரோஜனை ஒத்திருப்பதால், உயிரணுக்களில் அது ஒட்டும் இடங்களான ஏற்பிகளில், அதிலும் பீட்டா வகையில், போய் ஒட்டிக்கொள்ளும். வீரியம் ஈஸ்ட்ரோஜனைவிட மிகக் குறைவு. பருப்பில் இவை சர்க்கரையோடு பிணைந்திருக்கும். தெம்பே புளிக்கும்போது பூசணம் அந்தப் பிணைப்பில் ஒரு பகுதியை அறுத்துவிடுகிறது. பிறகு குடல் கிருமிகள் டெய்ட்ஸீனை ஈக்குவால் என்ற இன்னும் வலுவான பொருளாக மாற்றும், ஆனால் எல்லார் குடலிலும் அந்தக் கிருமிகள் இல்லை. ஜப்பான், சீனா பக்கம் பாதிப் பேருக்காவது உண்டு, மேற்கு நாடுகளில் மூன்றில் ஒருவருக்குக்கூட இருப்பது அரிது.

சரி, அப்படியென்றால் மாத்திரையாக விழுங்கலாமே? 2007இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில் தினமும் 54 மில்லிகிராம் ஜெனிஸ்டீனோடு கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்த பெண்களுக்கு இரண்டு ஆண்டில் எலும்பு அடர்த்தி கூடியது. 2011இல் வந்த அமெரிக்க ஆய்விலோ தினமும் 200 மில்லிகிராம் சோயா ஐசோஃபிளேவோன் கொடுத்தும் இரண்டு ஆண்டில் எலும்பு இழப்பு நிற்கவில்லை. இப்படி முரண்படும்போது விலை உயர்ந்த மாத்திரைக்குக் காசு கொட்ட எனக்கு மனமில்லை. தெம்பே, தௌபூ (சோயாப் பாலை உறைய வைத்த கட்டி) என்றால் புரதமும் சேர்ந்து கிடைக்கிறது, ஜிப்சம் போட்டு உறைய வைத்த தௌபூவில் கால்சியமும் உண்டு.

புரூன் எனப்படும் உலர்ந்த பிளம்ஸ் பழத்துக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது: 2022இல் வந்த ஆய்வில் தினம் 50 கிராம், அதாவது ஐந்தாறு பழம், ஓராண்டு சாப்பிட்டவர்களுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி குறையாமல் நின்றது. செராஸில் இருக்கும் மலேசிய தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் செம்பனை எண்ணெயில் உள்ள டோகோட்ரைனால் என்ற வைட்டமின் ஈ வகையை எலிகளுக்குக் கொடுத்து எலும்பு காக்கப்படுவதைக் காட்டியிருக்கிறார்கள், ஆனால் எலிக்குப் பலித்தது என்பதற்காகச் சமையலில் எண்ணெயைக் கூட்டிவிடாதீர்கள்.

கீரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாயாம் (தண்டுக்கீரை வகை), பசலை இரண்டிலும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போடும். பசலையின் கால்சியத்தில் ஐந்து சதவீதம்தான் உடம்பில் சேரும். கைலான் என்ற சீனக் கீரை அப்படியில்லை.

ஐம்பதுக்கு மேல் லேசாக வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தவர் முதலில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்க வேண்டும், டாக்டர் கொடுத்த மருந்தைத் தெம்பேயை நம்பி நிறுத்தவே கூடாது.