ட்ரோஃபி: கோப்பையா, கொம்பா?

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்புச் சுவரில் ஒரு சோடி கடமான் கொம்பு, பக்கத்துக்கு மூன்று கிளை. அப்பத்தா அதில்தான் குடை மாட்டுவார். விடுமுறைக்கு வந்த தம்பி மகன், "இது ட்ரோஃபி, அப்பத்தா" என்றான். "கப்பாடா? இதுல காப்பி ஊத்த முடியுமா?" என்றார் அவர்.

கேலிதான், ஆனால் சரியான கேள்வி. ட்ரோஃபி என்றால் கோப்பை என்றே எழுதிப் பழகிவிட்டோம். மூலச்சொல் கிரேக்கத்து 'ட்ரோபாயோன்'. 'ட்ரோபே' என்றால் திரும்புதல். எதிரி புறமுதுகிட்ட இடத்தில் மரக்கட்டை நட்டு, அவனிடம் பறித்த கவசத்தை அதில் மாட்டுவார்கள். லத்தீன், பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, ட்ரோஃபி என்பது ஒருவர் தரும் பரிசு அல்ல, தோற்றவனிடமிருந்து எடுத்தது.

வேட்டைக்காரர்கள் இந்தப் பழைய பொருளை விடவில்லை. அமெரிக்காவில் வில் வேட்டைக்கென்றே 1961-இல் தொடங்கிய போப் அண்ட் யங் க்ளப், கொம்பை அங்குலக் கணக்கில் அளக்கிறது. தண்டின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், நான்கு இடத்தில் சுற்றளவு, இரு தண்டுக்கும் நடுவிலுள்ள அகலம் எல்லாவற்றையும் கூட்டி, இடமும் வலமும் ஒத்துப்போகாத அளவைக் கழிப்பார்கள். கொம்பு 60 நாள் உலர்ந்த பிறகே இந்த அளவை. சீரான கொம்புள்ள வெள்ளைவால் மானுக்கு 125 வந்தால் பட்டியலில் பெயர். துப்பாக்கி வேட்டையும் சேரும் இன்னொரு க்ளப்பான பூன் அண்ட் க்ராக்கெட்டின் நிரந்தரப் பட்டியலுக்கோ 170 வேண்டும். வில்லோடு இருபது முப்பது கெஜம் வரை நெருங்க வேண்டும், அதற்குள் முதிர்ந்த கலை (ஆண்மான்) மோப்பம் பிடித்துவிடும். அதனால்தான் இந்தச் சலுகை.

மான் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. தானாக உதிர்ந்தது என்றால் அடி குமிழாக இருக்கும். எங்கள் வீட்டுக் கொம்பின் அடியில் மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருக்கிறது. அப்படியென்றால் பொறுக்கியது இல்லை, கொன்று எடுத்தது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் ட்ரோஃபிக்குத் தனி வரையறை உண்டு. கொம்பு, தோல், பதப்படுத்திய தலை எல்லாம் அதில் அடக்கம். பழம்பொருள் என்று சொல்லி விற்கப் போனால் வம்பு.

சரி, தமிழில் என்ன சொல்வது? விளையாட்டுக்குக் கோப்பை இருக்கட்டும். சட்டத்துக்கும் கட்டுரைக்கும் 'வேட்டைச் சின்னம்' பொருந்தும். பேச்சில் எனக்குப் பிடித்தது 'கொம்பன்'. "உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்கிற ஊரில், அங்குலக் கணக்கில் தேறிய கலைக்கு வேறு பேர் எதற்கு?