தளர்ந்த நரம்பில் உயிர் பெறும் இரை

அமெரிக்காவின் தென்மாநில நீர்த்தேக்கங்களில் பெருவாய் பாஸ் மீனைத் தூண்டிலில் பிடிப்போர் கையாளும் செயற்கை இரைகளில், பார்வைக்கு மிக எளியது மென்நெகிழி ஜெர்க்பைட். ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளம், கூம்பிய மூக்கு, சற்றே தடித்த வயிறு, மெலிந்து சென்று கவையாகப் பிளந்த வால், இவ்வளவுதான் அது. சுழலும் தகடு இல்லை. கிலுகிலுக்கும் குண்டு இல்லை. நீரை எதிர்த்து ஆழத்துக்கு இறக்கும் தாடைத் தகடும் இல்லை. ரீலைச் சீராகச் சுற்றினால் எவ்வித அசைவுமின்றி நேராகக் கரைக்கு வந்து சேரும். கோலின் நுனியை ஒருமுறை வெடுக்கென்று இழுத்து, அடுத்த நொடியே நரம்பை, அதாவது தூண்டில் இழையை, தளர விட்டாலோ, அதே நெகிழித் துண்டு ஒருபுறமாகப் பாய்ந்து, புரண்டு வெண்ணிற வயிற்றைக் காட்டி, பின் மெல்ல அமிழத் தொடங்கும். இழுப்பை விடும் கணத்தில்தான் இந்த இரை வேலை செய்கிறது. தூண்டில் முள்ளைக் கோக்கும் முறை, நரம்பின் தேர்வு, மீன் கவ்விய பின் கோலை ஓங்கும் நேரம் ஆகிய அனைத்தும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

இங்கே பாஸ் என்பது நம் கடலோரங்களில் பிடிபடும் கொடுவாயோ அதன் உறவோ அன்று. வட அமெரிக்க நன்னீரில் மட்டுமே தோன்றிய சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்த கொன்றுண்ணி அது. 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த, பத்து கிலோவைச் சற்றுத் தாண்டிய மீனே இந்த இனத்தின் உலகச் சாதனையாக நெடுங்காலம் நின்றது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதற்கு இணையாக அறிவிக்கப்பட்டது. சிறு மீன்கள், நன்னீர் இறால்கள், தவளைகள் என வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கக்கூடிய இந்த மீன், நெடுந்தூரம் துரத்துவதைக் காட்டிலும் பாசியின் ஓரத்திலோ மூழ்கிய மரத்தடியிலோ மறைந்திருந்து ஒரே பாய்ச்சலில் தாக்குவதையே விரும்புகிறது.

நெகிழியில் வார்த்த இரையின் வரலாறு 1949-ஆம் ஆண்டளவில், ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் செய்த மண்புழுவோடு தொடங்குகிறது. இழுத்து நிறுத்தி ஆட வைக்கும் மீன்வடிவ மென் இரை பரவலாக அறிமுகமாக மேலும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1980-களின் பிற்பகுதியில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹெர்ப் ரீட் உருவாக்கிய ஸ்லக்-கோ அதற்கு வழி திறந்தது. ஜார்ஜியாவின் ஜூம் நிறுவனம் வெளியிட்ட சூப்பர் ஃப்ளூக் அதைத் தென்மாநிலங்களெங்கும் கொண்டு சேர்த்தது.

இந்த இரைகளின் மூலப்பொருள் பிளாஸ்டிசால் எனப்படும் பால் போன்ற திரவம். எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டியில் பிவிசி துகள்கள் மிதக்கும் கலவை இது. ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது துகள்கள் நெகிழ்வூட்டியை உறிஞ்சி உப்பி ஒன்றோடொன்று இணைகின்றன. அச்சில் ஊற்றி ஆற விட்டால் மென்மையான களிப்பொருளாக உறைகிறது. நெகிழ்வூட்டி மிகுந்தால் இரை குழைவாகும், குறைந்தால் விறைப்பாகும். அது வேதிப்பிணைப்பால் கட்டப்படாமல் பிவிசியின் இடைவெளிகளில் தங்கியிருப்பதால் மெல்ல வெளியே கசியவும் செய்யும். சிலவகைக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகளில் இந்த இரைகளைப் போட்டு வைத்தால் பெட்டியின் அடிப்பகுதி உருகிப் பிசுபிசுப்பாவது இதனால்தான். கலவையில் சேர்க்கும் உப்புத்தூளுக்கும் இயக்கத்தில் பங்குண்டு. உப்பின் அடர்த்தி நீரினுடையதைப் போல் இரு மடங்குக்கு மேல் என்பதால், அதன் அளவைக் கூட்டிக் குறைத்து, இரை அமிழும் வேகத்தை நுட்பமாக மாற்றலாம். நீரைவிட மிகச் சற்றே கனமாக இருப்பதுதான் இங்கே தேவை.

இனி முள்ளைக் கோக்கும் முறைக்கு வருவோம். 4/0 அல்லது 5/0 அளவுள்ள, வளைவு அகன்ற, நரம்பைக் கட்டும் காதை அடுத்து இசட் எழுத்தைப் போன்ற சிறு மடிப்புள்ள முள்ளே இதற்குப் பொருந்தும். முள்ளின் முனையை இரையின் மூக்கில் நேராகச் செருகி, அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக உள்ளே சென்றதும், தாடைக்கு அடியில் வெளியே எடுக்க வேண்டும். அந்தத் துளை வழியாகத் தண்டு முழுவதையும் இழுத்து, காதும் மடிப்பும் மூக்குக்குள் புதைந்தவுடன், முனை இரையின் உடலை நோக்கும்படி முள்ளைத் திருப்ப வேண்டும். பிறகு முள்ளை உடலோடு ஒட்டிப் பிடித்து, வளைவு எங்கே முடிகிறதென்று கண்ணால் அளந்து, அதே இடத்தில் வயிற்றிலிருந்து முதுகு வரை முனையை நேராகக் குத்தி வெளிக்கொணர வேண்டும். முதுகில் ஒரு பள்ளம் வார்க்கப்பட்டிருக்கும். முனை அதில் படுத்துக்கொள்ளும். நுனியை மட்டும் முதுகின் மேல்தோலில் மெல்லச் செருகிவிட்டால், அந்த இரை பாசிக்குள்ளும் கிளைகளுக்குள்ளும் சிக்காமல் நழுவிச் செல்லும்.

சிக்காமல் செல்வது ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியே போதுமான சான்று. டென்னசி ஆற்றின் குறுக்கே 1939-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவான இந்த ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் ஹைட்ரில்லா அடர்ந்து வளர்கிறது. தமிழ்நாட்டுக் குளங்களிலும் இலங்கைக் குளங்களிலும் காணப்படும் அதே நீர்த்தாவரம்தான் இது. இதன் ஒரு வகை 1950-களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்குச் சென்று, அங்கிருந்து தென்மாநில நீர்நிலைகளில் பரவியது. மூன்று முட்களும் திறந்து தொங்கும் கெட்டி இரை அந்தப் பாசியின் மேல் சில அடிகள்கூட நகராது. முனை மறைந்த மென் இரையோ அதன் கூரை மீது ஊர்ந்து, இடைவெளிகளில் இறங்கி, மீண்டும் ஏறி வரும்.

கோப்பதில் ஒரு குறை மட்டும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். முனை வெளிவரும் இடம் சற்றுப் பின்னே அமைந்தால் உடல் கூன் விழும். முன்னே அமைந்தால் மூக்குப் பகுதி இழுபட்டு விறைக்கும். கூன் விழுந்த இரை இழுக்கும்போதெல்லாம் ஒரே திசையில் சுழன்று நரம்பை முறுக்கேற்றும். கோத்து முடித்ததும் காதைப் பிடித்துத் தொங்கவிட்டு, உடல் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வீசுவதே நல்ல பழக்கம். நன்றாகக் கோத்த இரையில் முள்ளின் தண்டு வயிற்றுக்கு அடியில் அமைவதால், எஃகின் எடை ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்கி, இரை நிமிர்ந்தே நிற்க உதவுகிறது. முள்ளே இங்கு அடிப்பாரமாகவும் பணியாற்றுகிறது.

கோலைச் சொடுக்கும்போது நீருக்குள் நடப்பதை மெதுவாக்கிப் பார்த்தால் சுவையான இயற்பியல் தெரியவரும். நீண்ட மெல்லிய உடல் ஒன்று நீரில் நீளவாக்கில் செல்லும்போது மிகக் குறைந்த நீரையே ஒதுக்குகிறது. குறுக்காகச் செல்ல வேண்டுமானால், ஏறத்தாழ தன் பருமனுக்கு ஈடான நீரையும் சேர்த்துத் தள்ள வேண்டும். இந்த வேறுபாட்டால், முன்னோக்கிச் செல்லும் உடல் சிறிதளவு சாய்ந்தாலும், மூக்கின் ஒரு பக்கத்திலும் வாலின் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் கூடி, அந்தச் சாய்வை மேலும் வளர்க்கும் திருப்புவிசை தோன்றுகிறது. துடுப்பை விட்டுவிட்ட ஓடம் எஞ்சிய வேகத்தில் செல்லும்போது தானாகவே குறுக்காகத் திரும்பிக்கொள்வதும் இதே விசையால்தான். மீனின் வால்துடுப்பு இதை எதிர்த்து உடலை நேராக்கும். மென் இரையின் மெல்லிய கவைவால் வளைந்து கொடுப்பதால் அதனால் முழுமையாக நேராக்க இயலாது.

நரம்பு இறுகியிருக்கும் வரை மூக்கு நம்மை நோக்கியே இழுபடுவதால் இந்தத் திருப்புவிசைக்கு வாய்ப்பில்லை. நரம்பு தளர்ந்ததும் மூக்கைப் பிடித்திருந்த கை விலகிவிடுகிறது. இரையிடம் எஞ்சியிருக்கும் உந்தத்தைக் கொண்டு அது சாய்ந்த திசையில் வழுக்கிச் சென்று, குறுக்காகத் திரும்பியதும் நீரின் தடையால் நின்றுவிடுகிறது. இப்போது மூக்கு இடப்புறம் பார்க்கிறது எனில், அடுத்த சொடுக்கில் அது நம் பக்கம் வெடுக்கெனத் திருப்பப்பட்டு, திருப்பத்தின் வேகத்தில் நேர்க்கோட்டைத் தாண்டி வலப்புறம் பாய்கிறது. இரு சொடுக்குகளுக்கு இடையே நரம்பைத் தளர்த்தத் தவறினால் இந்த இடவல ஆட்டம் முழுவதுமாக மறைந்துவிடும். புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். சொடுக்குக்கு வலிமையைக் கூட்டுகிறார்களே தவிர, தளர்வுக்கு நேரம் கொடுப்பதில்லை. கோலின் நுனியைத் தாழ்த்தி, கைப்பிடி அளவு தூரம் சொடுக்கி, நுனியை உடனே இரையை நோக்கித் திருப்பிக் கொடுத்து, மிஞ்சிய தளர்வை மட்டும் ரீலில் சுற்ற வேண்டும்.

நரம்பின் தேர்வும் இதனால் முக்கியமாகிறது. ஃப்ளூரோகார்பன் நரம்பின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு, அது அமிழ்ந்து மூக்கைக் கீழே இழுக்கும். நைலான் நீரைவிடச் சற்றே கனமானது. பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு மிதக்கும். மேற்பரப்புக்கு அருகே இரையை ஆட விரும்புவோர் பின்னல் நரம்பின் முனையில் இரண்டடி நைலானைக் கட்டுகிறார்கள். சிலர் இரைக்கு ஒன்றரை அடி முன்னே சிறு சுழல்வளையம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது முறுக்கைத் தன்னிடமே தீர்த்துக்கொள்கிறது.

மீனின் பக்கமிருந்து பார்த்தால் இந்த ஆட்டத்தின் பொருள் விளங்கும். தென்மாநில ஏரிகளில் பாஸின் முதன்மை உணவுகளில் ஒன்றான இழைத்துடுப்பு ஷாட் என்னும் சிறுமீன் குளிரைத் தாங்காது. நீர் 5 முதல் 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் கூட்டம் கூட்டமாகச் சாகிறது. சாகும் ஷாட் துடித்து, புரண்டு, அமிழ்ந்து, மீண்டும் துடிக்கும். அத்தகைய இரையைப் பிடிக்கக் குறைந்த ஆற்றலே போதும் என்பதால் கொன்றுண்ணிகள் அதைத் தவறவிடுவதில்லை. தொலைவிலிருந்து பாஸ் கண்ணால் கவனிக்கிறது. அதன் விழித்திரையில் சிவப்புக்கும் பச்சைக்கும் உரிய இருவகைக் கூம்பு செல்களே உள்ளன. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வில், இந்த மீன்கள் சிவப்பையும் பச்சையையும் நன்கு பிரித்தறிந்தன, ஆனால் வெளிர் மஞ்சள்பச்சையை வெள்ளையிலிருந்து பிரிக்கத் தடுமாறின. கடைகளில் நூறு நிறங்கள் தொங்கினாலும் வெள்ளையையும் பச்சைப்பழுப்பையும் வைத்துக்கொண்டால் போதும் என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம். நெருங்கி வந்த பின் உடலின் பக்கக்கோட்டு உறுப்புகள் நீரின் அசைவை உணர்கின்றன. தன் உடல் நீளத்தின் ஒன்றிரண்டு மடங்குத் தொலைவுக்குள்தான் அவை திறம்படச் செயல்படும்.

கடைசிக் கணத்தில் பாஸ் இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயும் செவுள்மூடிகளும் ஒரு நொடியின் சில நூறில் ஒரு பங்கு நேரத்தில் விரிய, உள்ளே அழுத்தம் குறைந்து நீர் பாய்ந்து செல்கிறது. அந்தப் பாய்ச்சலின் வேகம் வாயின் அகலத்துக்கு ஈடான தூரத்துக்குள்ளேயே பெரும்பாலும் வீழ்ந்துவிடும். நீரின் அடர்த்தியை ஒத்த பொருள் நீரோடு சேர்ந்தே உள்ளே செல்லும். கனமான பொருள் பின்தங்கும். இறுகிய நரம்பில் கட்டிய பொருள் வாசலிலேயே தடுக்கப்படும். கூடுதல் எடை சேர்க்காத இரை தளர்ந்த நரம்பில் அமிழ்ந்துகொண்டிருக்கும்போது கவ்வப்பட்டால் வாய்க்குள் ஆழமாகச் சென்று விடுவது இதனால்தான்.

தளர்வின் மறுபக்கம், கவ்வியதைக் கை உணராமல் போவது. நீருக்கு மேலே தெரியும் நரம்பில் கண்ணை வைத்திருப்பதே வழி. அது ஒரு சிறு துள்ளலாகத் துள்ளும், அல்லது காரணமின்றிப் பக்கவாட்டில் நகரும். உடனே ஓங்கிவிடக் கூடாது. கோலைத் தாழ்த்தித் தளர்வைச் சுற்றி, எடை தெரிந்ததும் நீளமாக வீசி இழுக்க வேண்டும். அந்த இழுப்பில் நெகிழி முள்ளின் வளைவுக்குள் சரிந்து சுருங்க, முனை முதுகுத்தோலிலிருந்து விடுபட்டு மீனின் தாடையில் ஏறுகிறது. சுருங்கிய நெகிழிக்கும் தாடைக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்பதற்காகவே வளைவு அகன்ற முள்.

கிழிந்துபோன இரைகளை நீரில் எறிவது தீராத கேடு. பிவிசி மக்குவதில்லை, நீரில் ஊறி உப்பும். மெய்ன் மாநிலத்தில் நடந்த ஆய்வகச் சோதனையில், ப்ரூக் டிரவுட் மீன்கள் கீழே கிடந்த மென் இரைகளைத் தாமாகவே விழுங்கி எடை இழந்தன. மூக்கு கிழிந்தாலும், பசையால் ஒட்டியோ மேல்நோக்கிச் சற்று வெட்டிவிட்டோ மறுபடி கோக்கலாம். முற்றிலும் பயனற்றதைக் கரைக்கு எடுத்து வர வேண்டும்.

நீர் 15 டிகிரிக்கு மேல் வெதும்பியிருந்து, பாஸ் ஆழமற்ற பகுதிகளில் மேல்நோக்கிப் பார்த்திருக்கும் வசந்தமும் இலையுதிர்காலமும் இந்த இரைக்கு ஏற்றவை. காற்று பலமாக வீசினால் தளர்ந்த நரம்பைக் காற்றே ஆட்டிவிடும். ஆழம் மூன்று மீட்டரைத் தாண்டினால் அமிழும் வரை காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும். அப்போது ஆணி வடிவ டங்ஸ்டன் துண்டை வயிற்றில் செருகுகிறார்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுடையது 19.3 என்பதால் மிகச் சிறிய துண்டே போதும். அதை மூக்கருகே செருகினால் இரை தலைகீழாகப் பாயும். உடலின் நடுவே செருகினால் கிடைமட்டமாகவே இறங்கும். எங்கே செருகினாலும் வழுக்கும் தூரம் குறையும், மீனின் உறிஞ்சலைப் பின்தொடரும் எளிமையும் குறையும். ஆகவே ஒரு கிராமில் தொடங்கி, இரை அடியை எட்டும் மிகக் குறைந்த எடையில் நிறுத்திக்கொள்கிறார்கள்.