பன்னிரண்டு போய் ஐந்து ஏறு

திருநகரிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “சார், வீட்ல லெகோ ரயிலுக்கு மதுரை–விருதுநகர் லைன் போட்டிருக்கேன். போடி லைன் அதைக் குறுக்க வெட்டிட்டுப் போகணும். செங்கோணமா வெட்டினா பீரோ கால் இடிக்குது. சாய்வா வெட்ட முடியாதா?”

நிஜத்தில் போடி லைன் விருதுநகர் லைனை வெட்டுவதில்லை. ஜங்ஷனிலேயே பிரிந்து உசிலம்பட்டிப் பக்கம் போய்விடும். இருக்கட்டும், அவள் வீடு, அவள் ரயில்வே.

சாய்வாகத் தாராளமாக வெட்டலாம். எவ்வளவு சாய்வு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அடிப்படை அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். லெகோ கட்டைகளின் மேல் வரிசையாக நிற்கும் குமிழ்களில், ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மி.மீ. நேர்த் துண்டு 16 குமிழ் நீளம். இடது தண்டவாளத்துக்கும் வலது தண்டவாளத்துக்கும் நடுக்கோட்டுக் கணக்கில் 5 குமிழ். வளைவுத் துண்டு 16 சேர்ந்தால் ஒரு வட்டம், ஆகவே ஒரு வளைவு வண்டியை 22.5 டிகிரி திருப்பும். பழைய 9 வோல்ட் ரயில் காலத்தில் லெகோ நிறுவனம் விற்ற குறுக்குத் துண்டு, அதாவது இரண்டு பாதைகள் வெட்டிக்கொள்ளும் துண்டு, செங்கோணம்தான். சாய்வு வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டும்.

வளைவு 22.5 டிகிரி திருப்புகிறது என்றால் குறுக்கும் 22.5 டிகிரியில் வெட்டினால் போதுமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் 22.5 டிகிரியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் போனாலும் அது எந்தக் குமிழின் மேலும் சரியாக உட்காராது. புள்ளி வைத்துவிட்டு, புள்ளியைத் தொடாமல் கோலம் போட்டதுபோல் இருக்கும்.

அதனால் கோணத்தை மறந்துவிட்டுப் புள்ளியை எண்ணலாம். 12 குமிழ் நேராகப் போய், 5 குமிழ் பக்கவாட்டில் ஏறுங்கள். பத்தாம் வகுப்பு பிதாகரஸ் கணக்கில் சாய்ந்த கோடு மிகச்சரியாக 13 குமிழ். கோணம் 22.62 டிகிரி. வளைவுத் துண்டின் கோணத்தோடு வித்தியாசம் வெறும் 0.12 டிகிரி! பாதைகள் வெட்டும் மையத்திலிருந்து 16 குமிழ் தள்ளிப் பார்த்தாலும் விலகல் கால் மில்லிமீட்டர்தான். துண்டும் துண்டும் சேருமிடத்தில் இருக்கும் ஆட்டம் அதை விழுங்கிவிடும்.

எனக்குத் தூக்கம் போனது இதற்கு அடுத்த கணக்கில். இரண்டு பாதைகள் வெட்டினால் தண்டவாளங்கள் நான்கு இடத்தில் சந்திக்கும். நேர்ப் பாதையின் தண்டவாளங்கள் மையத்திலிருந்து இந்தப் பக்கம் இரண்டரைக் குமிழ், அந்தப் பக்கம் இரண்டரைக் குமிழ். சாய்ந்த பாதையும் அப்படியே. நான்கு சந்திப்புகளும் எங்கே விழும் என்று ஒரு பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். குறுகிய கோணத்தில் சந்திக்கும் கூர்முனைகள் இரண்டும் மையத்திலிருந்து, பாதை நெடுக, பன்னிரண்டரைக் குமிழ் தள்ளி. விரிந்த கோணத்தில் சந்திக்கும் மழுங்கல் முனைகள் இரண்டும் அரைக் குமிழ் தள்ளி. வேறு பின்னமே இல்லை, எல்லாம் சுத்தமான அரைக் குமிழ் கணக்கு. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இன்னொரு தடவை போட்டேன். அதேதான். இந்த முக்கோணத்தின் பாதிக்கோணத்துக்கு டேன்ஜென்ட் 1/5, தண்டவாள இடைவெளியும் 5 குமிழ். இரண்டு ஐந்தும் அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பழக்கமான 3-4-5 முக்கோணத்தை வைத்துப் பாருங்கள், கூர்முனை ஏழரையில் ஒழுங்காக விழும், மழுங்கல் முனை 0.83-ல் போய் நிற்கும்.

இங்கே ஒரு வழக்கு. கர்ணம், அதாவது அந்தச் சாய்ந்த கோட்டின் நீளம், கண்டுபிடிக்கப் பழைய தமிழ்ப் பாட்டு என்று ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே: நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, உயரத்தில் பாதியைக் கூட்டு, வர்க்கமூலமே வேண்டாம் என்று. 12-ல் ஒன்றரை போனால் பத்தரை, அதோடு இரண்டரை, 13. அச்சு அசல்! 3-4-5க்கும் சரியாக வரும். அந்தத் தைரியத்தில் நான் ஒரு 45 டிகிரி குறுக்கு செய்தேன். 12-க்கு 12. பாட்டுப்படி பதினாறரை வந்தது, உண்மை நீளம் 16.97. மூட்டில் ஏறக்குறைய 4 மி.மீ. பள்ளம் விழுந்து, என் என்ஜின் மூக்கு குத்தி நின்றது. பாட்டு மோசமில்லை, கொத்தனார் கைக்கு அழகான தோராயம். அதை வைத்து “பிதாகரஸ் நம்மிடம் திருடினான்” என்று கிளம்புகிறவர்கள், அனுப்புவதற்கு முன் 12-க்கு 12 போட்டுப் பார்த்தால் தேவலை.

சரி, பள்ளம் என்றதும் சக்கரம். ரயில் சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு கீழே இறங்கியிருக்கும், வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வைப்பது அதுதான். குறுக்கே போகும் வண்டியின் விளிம்புக்கு வழிவிட, நம் தண்டவாளத்தை அங்கே அறுத்தாக வேண்டும். கூடல்நகர் தாண்டி ஜங்ஷனுக்குள் நுழையும்போது காலுக்கடியில் தடக் தடக் என்று கேட்பதில் இந்த வெட்டுகளின் பங்கும் உண்டு.

வெட்டின் அகலம் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். செங்கோணத்தில் சக்கரம் தாண்ட வேண்டியது அதே 3 மி.மீ. சாய்வாக வந்தால்? வாய்க்காலை நேராகத் தாண்டுவதற்கும் சாய்வாகத் தாண்டுவதற்கும் உள்ள வித்தியாசம். மூன்றை 13-ஆல் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 7.8 மி.மீ. 16 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் 3 மி.மீ. வெட்டில் 0.14 மி.மீ. இறங்கும், 7.8-ல் முழுசாக 1 மி.மீ. இறங்கும். பெட்டி துள்ளுகிறது என்று எல்லோரும் சக்கரத்தைத் திட்டுவது இதனால்தான்.

மருந்து எளிது. வெட்டின் தரையை விளிம்பின் ஆழத்துக்கு மேடாக்கிவிடுங்கள். தண்டவாளம் இல்லாத அந்த 7.8 மில்லியில் சக்கரம் தன் விளிம்பை ஊன்றி நடந்துபோய்விடும். சில ஊர் டிராம் பாதைகளில் நிஜமாகவே இப்படிச் செய்கிறார்கள். மேடு திடீரென்று தொடங்கக் கூடாது, இரண்டு பக்கமும் சரிவு வேண்டும். உப்புத்தாளால் பத்து நிமிட வேலை.

இந்தக் குறுக்குத் துண்டைச் செய்வதற்குத் த்ரீ-டி பிரின்டர் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், பிள்ளைகள் கைபடட்டும் என்று பணம் கொடுத்து வாங்கிய இயந்திரம் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஆயுத பூஜைக்கு வெளியே வரும், சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்ளும், திரும்ப உள்ளே போய்விடும். ஆராய்ச்சிக்குப் பணமில்லை என்று புலம்புவதற்கு முன் அந்த பீரோ சாவியைத் தேடலாம்.

சாவி கிடைத்தால், பாப்பா, ஒன்றை மட்டும் கவனி. கூர்முனை பன்னிரண்டரையில் இருப்பதால் மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் 16 குமிழ் நீளம் வேண்டும். மொத்தம் 256 மி.மீ. சின்ன பிரின்டரின் தட்டில் அது அடங்காது. அதற்காகச் சரிபாதியில் வெட்டிவிடாதே, மழுங்கல் முனைகள் அங்கேதான் இருக்கின்றன. மையத்துக்கு இரண்டு பக்கமும் எட்டாவது குமிழில் வெட்டி, மூன்று துண்டாக அச்சடி. அந்த இடத்தில் வெறும் தண்டவாளம்தான் ஓடுகிறது.