'காதோ': கேக்கா, பரிசா?

பிரெஞ்சில் கேக்குக்கும் பரிசுக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'காதோ'தான். கேக்குக்கு முதல் ஒலி 'தங்கம்' என்பதில் வரும் க, அடுத்தது 'பத்து' என்பதில் வரும் த. பரிசுக்கு அப்படியே தலைகீழ்: முதலில் 'கல்'லின் க, பிறகு 'பந்து'வின் த. தமிழில் எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்து இந்த அதிர்வு தானாக வரும், போகும், பொருள் மாறாது. அந்தப் பழக்கத்தில் கேக் கேட்பவர்களும் தொடக்கத்தில் அதிர்வை விட்டுவிட்டு, நடுவில் உள்ள த-வைக் 'காது' போலத் தளர்த்திவிடுகிறார்கள். கடைக்காரருக்குப் 'பரிசு' என்றே கேட்கும்.

திருத்த வழி இருக்கிறது. குரல்வளை மேல் இரண்டு விரல் வையுங்கள். கேக் என்றால் வாய் திறக்குமுன்பே, நாக்கின் பின்புறம் அண்ணத்தில் ஒட்டியிருக்கும்போதே, தொண்டை அதிரத் தொடங்க வேண்டும். நடுவில் 'த்த' என்று அழுத்துங்கள், ஆனால் 'பத்து' என்பதில் நிறுத்துவது போல நீட்டாதீர்கள்.

ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிப்பவர்கள் இங்கே வீணாக ட போடுகிறார்கள். பிரெஞ்சில் நாக்கு நுனி மேற்பல்லின் பின்புறம் தொடுகிறது. அது நம்முடைய த-வின் இடம். ப, த, க மூன்றிலும் ஆங்கிலத்தில் வரும் மூச்சுத் தெறிப்பும் வேண்டாம். வாய்க்கு எதிரே மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லுங்கள், தாள் துள்ளக் கூடாது. தமிழ் வாய்க்கு இது இயல்பாகவே வரும், அதை நம்புங்கள்.

அடுத்த சிக்கல் ஸ-வும் இசட் ஒலியும். பின்னதை 'ஃஸ' என்று எழுதிக்கொள்வோம். 'புவாஸோன்' மீன், 'புவாஃஸோன்' நஞ்சு. (இறுதி ன் மூக்கில் மட்டும், நாக்கு மேலே தொடக் கூடாது.) எழுத்தில் குழப்பமே இல்லை: உயிர்களுக்கு நடுவில் இரட்டை எஸ் என்றால் ஸ, ஒற்றை எஸ் பெரும்பாலும் ஃஸ. பலர் ஃஸ-வுக்கு ஜ போடுகிறார்கள். ஜ-வில் காற்று ஒரு கணம் அடைபடும், ஃஸ-வில் அடைபடவே கூடாது. 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்தபடியே, நாக்கை அசைக்காமல் குரலைச் சேருங்கள். வண்டு ரீங்காரம் போல வரும்.

'போன்ஜூர்' வணக்கத்திலும் இதே தவறுதான். அங்கே வேண்டியது அடைப்பில்லாத ஒலி: 'ஷ்ஷ்' என்று இழுத்துக் குரல் சேர்த்தால் கிடைக்கும். சொல்லின் இறுதியில் இந்த ஒலி வந்தால் முந்தைய உயிர் சற்று நீளும். கூண்டுக்கான சொல்லில் அ நீண்டும், மறைவிடத்துக்கான சொல்லில் ஷ-வுக்கு முன் குறுகியும் ஒலிக்கும். கடைசி மெய் பிடிபடாவிட்டாலும் அந்த நீளத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

'இல் ஸோன்' என்றால் 'அவர்கள் இருக்கிறார்கள்', 'இல் ஃஸோன்' என்றால் 'அவர்களிடம் இருக்கிறது'. இதை முதலில் காதால் பழகுங்கள். ஒருவர் கலந்து கலந்துச் சொல்ல, நீங்கள் எது என்று விரலால் காட்டுங்கள். பத்து முறையில் எட்டு முறையாவது சரியாக வந்த பிறகு வாய்ப்பயிற்சிக்குப் போங்கள்.