க்ருஅங்: மசாலா அல்ல, சரக்கு

கம்போடியாவின் கெமர் சமையலில் வரும் 'க்ருஅங்' என்பதைக் 'கம்போடிய மசாலா' என்று தமிழில் எழுதினால் சமையலே தடம் மாறிவிடும். படிப்பவர் உடனே மல்லியையும் மிளகாயையும் வறுத்துப் பொடிக்கக் கிளம்புவார். க்ருஅங்கில் வறுவல் இல்லை, பொடி இல்லை. எலுமிச்சைப்புல்லும் கிழங்கும் எலுமிச்சை இலையும் பச்சையாக இடிபட்ட ஈர விழுது அது.

முதலில் உச்சரிப்பு. kroeung என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துக் 'குரோயுங்' என்று படிக்க வேண்டாம். 'பாக்கு' என்னும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதே, அதே குற்றியலுகரத்தை ஒட்டி 'அங்' சேர்த்தால் கெமர் ஒலிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

பொருள்தான் சுவையானது. க்ருஅங் என்றால் உறுப்பு, சாமான், ஒன்றை உருவாக்கும் பொருள்கள். அதோடு 'யந்திரம்' என்ற சொல்லைச் சேர்த்தால் கெமரில் இயந்திரம். 'அலங்காரம்' என்ற சொல்லைச் சேர்த்தால் நகை. அடுக்களையில் தனியாகச் சொன்னால், குழம்புக்கு உயிர் தரும் அரைப்பு. தாய்லாந்து மொழியும் கெமரிடமிருந்து இச்சொல்லை வாங்கி, கறிக்கு அரைக்கும் விழுதுக்கு அதையே வைத்திருக்கிறது.

பட்டை, அன்னாசிப்பூ போன்ற காய்ந்த வாசனைப் பொருள்களுக்குக் கெமரில் வேறு பெயர்: 'க்ருஅங் தேஹ்'. இந்தத் 'தேஹ்' எழுத்தில் 'தேச'. நம் தேசம்தான், வடமொழி வழியே அங்கும் போயிருக்கிறது. வெளித்தேசத்துச் சாமான் என்று பொருள். ஆக, நாம் மசாலா என்பதற்கு அவர்களிடம் தனிச்சொல் இருக்கிறது. அதைத் தூக்கி க்ருஅங்குக்கு மாட்டுவது சரியில்லை. மசாலாவே அரபி மூலத்திலிருந்து வந்த சொல், அது வேறு.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? சம்பாரம் என்ற பழைய சொல் ஓரளவு பொருந்தும். இன்று பலருக்குப் புரியாது. என் தேர்வு 'சரக்கு'. பலசரக்குக் கடையில் அது சாமான். நாட்டு மருந்துக் கடையில் வேரும் பட்டையும். யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கறி வைப்பார்கள். பொதுவான பொருளும் அடுக்களைப் பொருளும் ஒரே சொல்லில், க்ருஅங் போலவே. ஈரத்தைக் காட்ட 'பச்சைச் சரக்கு' என்றால் குழப்பம் வராது.

'சா க்ருஅங் சாச் மோஅன்' என்பதை இப்போது பிரித்துவிடலாம். சா என்றால் வதக்கல், சாச் என்றால் இறைச்சி, மோஅன் என்றால் கோழி. பச்சைச் சரக்கு வதக்கிய கோழி.

அரைக் கிலோ கோழிக்கு மூன்று தண்டு எலுமிச்சைப்புல் வேண்டும். அடிப்பக்கத்து வெளிர்த்தண்டை மட்டும் குறுக்கே தாள் போல நறுக்குங்கள். நான் முதல் தடவை நீளவாக்கில் நறுக்கி மிக்சியில் போட்டேன். நார் பல்லில் சிக்கி, சாப்பிட முடியவில்லை. உரலில் உப்போடு முதலில் புல், அப்புறம் கட்டைவிரல் அளவு பேரரத்தை, விரல் நீளப் பச்சை மஞ்சள், நடுநரம்பு நீக்கிய மக்ரூட் எலுமிச்சை இலை, கடைசியில் பூண்டும் சின்ன வெங்காயமும். கடினமானதிலிருந்து மென்மையானதுக்கு, அதுதான் வரிசை. அந்த இலை கிடைக்காவிட்டால் நாரத்தை இலை போடலாம். மணம் அதேதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரே குடும்பம்.

சிவப்பு நிறம் வேண்டுமானால் ஊறவைத்த காய்ந்த மிளகாயையும் சேர்த்து இடிப்பார்கள். தேங்காய்ப்பாலில் கோழியும் சர்க்கரைவள்ளியும் வேகும் 'சம்லா காரி'க்கு இந்தச் சிவப்புச் சரக்குதான். அந்தக் காரி நம் கறியின் வழி வந்த சொல்.

எண்ணெயில் விழுதைப் போட்டதும் முதலில் புல்வாசம் வரும். அவசரப்படாமல் கிளறுங்கள். பச்சை வாடை அடங்கி, எண்ணெய் மஞ்சளாகப் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது கோழியைப் போட்டு, மீன் சாறும் (ஃபிஷ் சாஸ்) கொஞ்சம் பனைவெல்லமும் சேர்த்து, இறக்கும்போது துளசியும் இடித்த வேர்க்கடலையும் தூவுங்கள்.