குளத்துப் பாசியை ஒரே நாளில் கொல்லாதீர்கள்

"சார், யாரோ குளத்துல விஷம் வச்சுட்டாங்க, மீன் எல்லாம் மிதக்குது." மீன் குளத் தண்ணீரைப் பரிசோதிக்கும் எனக்கு இந்த அழைப்பு விடியற்காலையில்தான் வரும். இந்த வாரமும் வந்தது. பாசிக்கு மருந்து போட்டீர்களா என்று கேட்டேன். "மூணு நாள் முன்னாடி மயில்துத்தம் போட்டேன். தண்ணி நல்லாத் தெளிஞ்சுடுச்சு, அதனால அது காரணமா இருக்காது."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பச்சை நிறம் மறைந்தால் பாசியும் ஒழிந்தது என்று நினைக்கிறார்கள். எங்கே போயிருக்கும்? செல் உடைந்து, உள்ளே இருந்த சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் அதே தண்ணீரில்தான் கலந்து கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் தெளிந்த அந்த நாளில்தான் பாக்டீரியாவின் விருந்து ஆரம்பிக்கிறது.

உயிரோடு இருக்கும் பாசியும் தான் தயாரிப்பதில் ஒரு பங்கைத் தினமும் வெளியே கசியவிடும். செல்லைச் சுற்றி மொய்க்கும் பாக்டீரியா அதை அன்றன்றே தின்றுவிடும். அதற்கு வேண்டிய ஆக்சிஜனைப் பகலில் பாசியே கொடுத்துவிடும். வரவும் செலவும் ஓரளவு சரியாக இருக்கும். பாசி முழுவதையும் ஒரே நாளில் கொன்றால் தீனி மலையாகக் குவிகிறது, ஆக்சிஜன் தருபவரும் போய்விடுகிறார்.

சின்ன மூலக்கூறுகளான குளுக்கோஸ், கிளைகோலேட், அமினோ அமிலம் எல்லாம் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாட்களுக்குள் காலி. வழவழப்பான நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளைப் பாக்டீரியாவால் அப்படியே விழுங்க முடியாது. நொதிகளை வெளியே சுரந்து, துண்டு துண்டாக வெட்டித்தான் உள்ளே இழுக்க வேண்டும். ஃபிளேவோபாக்டீரியா வகைகள் இதில் கெட்டிக்காரர்கள். இதற்கு நாட்கள், வாரங்கள் ஆகும். செல்சுவரின் மிச்சம் மாதக்கணக்கில் கிடக்கும். மீனுக்கு ஆபத்து முதல் சில நாட்களில்தான் அதிகம். நாற்றம் மட்டும் அதற்குப் பிறகும் நீடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் காய்ந்த எடையில் 10 மில்லிகிராம் பாசி இருந்தால், அதை முழுக்கச் சிதைத்து, வெளிவரும் அமோனியாவை நைட்ரேட்டாகவும் மாற்ற சுமார் 12 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரியில் ஒரு லிட்டரில் கரைந்து நிற்பதே சுமார் 7.5 மில்லிகிராம்தான். காற்றிலிருந்து மெதுவாகத்தான் ஈடாகும். வெயில் காலத்தில் சிதைவு இன்னும் வேகம். இரவு முழுக்கச் செலவு மட்டுமே நடப்பதால் விடியலுக்குச் சற்று முன்புதான் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

பாக்டீரியாப் பவுடர் வாங்கிக் கொட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் குளத்து நீரிலேயே பத்து லட்சம் பாக்டீரியா இருப்பது சாதாரணம். அங்கே பற்றாக்குறை ஆக்சிஜனுக்குத்தான்.

குடிநீர் எடுக்கும் நீர்நிலை என்றால் இன்னும் கவனம் தேவை. நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் செல்லுக்குள் நஞ்சை வைத்திருக்கும். கொன்றால் அது தண்ணீருக்கு வந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979இல் அணையின் பாசிக்கு மயில்துத்தம் போட்ட சில நாட்களில் சுமார் 150 பேர், பெரும்பாலும் குழந்தைகள், கல்லீரல் பாதித்துப் படுத்தார்கள். உடைந்த செல்களிலிருந்து வந்த நஞ்சே காரணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. இந்த நஞ்சுகளையும் சிதைக்கும் பாக்டீரியா உண்டு, ஆனால் அதற்கு நாட்களோ வாரங்களோ பிடிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கால்நடைக்கும் காட்டாதீர்கள்.

மிதக்கும் பாசிப் படலத்தை முதலில் வலையால் அரித்து, கரையிலிருந்து தள்ளிப் போடுங்கள். கரையோரம் குவித்தால் மழையில் திரும்ப உள்ளேதான் வரும். மருந்து போட்டே ஆக வேண்டுமா? பாதிக் குளத்துக்கு மேல் ஒரே முறையில் வேண்டாம், அடுத்த பாதிக்கு இரண்டு வாரம் பொறுங்கள். மேகமூட்டமான நாளில் கூடவே கூடாது. அப்புறம் இரவு முழுக்க ஏரேட்டர் (தண்ணீருக்குக் காற்றூட்டும் இயந்திரம்) ஓடட்டும், தீவனத்தைக் குறையுங்கள், ஆக்சிஜனைச் சூரியன் உதிக்கும் முன் அளந்து பாருங்கள். மதியம் அளந்து "நல்லாத்தான் இருக்கு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மீன் ஏற்கனவே சாக ஆரம்பித்துவிட்டால் இன்னொரு மருந்தைத் தேடி ஓடாதீர்கள். காற்றோட்டம் கொடுங்கள், நல்ல தண்ணீர் இருந்தால் விடுங்கள், செத்த மீனை உடனே அள்ளுங்கள். அது மிதக்கும் ஒவ்வொரு மணி நேரமும், பிழைத்திருக்கும் மீனின் ஆக்சிஜனில்தான் அழுகுகிறது.