ஒரு மாதமும் ஒரு மௌனமும்: எழுத்தரின் கண் தாவிய இடங்கள்

தமிழ் வேதாகமத்தில் 1 சாமுவேல் பத்தாம் அதிகாரம் ஒரு மௌனத்தோடு முடிகிறது. புதிதாக அரசனாக்கப்பட்ட சவுலைச் சிலர் அசட்டை செய்து, காணிக்கை கொண்டுவராமல் இருக்கிறார்கள். "அவனோ காதுகேளாதவன்போல இருந்தான்" என்பது கடைசி வரி. 1989-இல் வெளிவந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த வரியை அடுத்து ஒரு முழுப் பத்தி கூடுதலாக இருப்பதைக் கண்ட வாசகர் ஒருவர், மூல நூலில் இல்லாததை எந்த உரிமையில் சேர்த்தார்கள் என்று மனவருத்தத்தோடு கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, ஒரு மனிதன் ஒரு சுவடியைப் பார்த்து இன்னொரு சுவடியில் எழுதும்போது அவனுடைய கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். எபிரேய வேதாகமம் முழுவதையும் கொண்டு இன்றுவரை எஞ்சியுள்ள மிகப் பழைய சுவடி, லெனின்கிராட் சுவடி எனப்படுவது, ஏறத்தாழ கி.பி. 1008-இல் எழுதப்பட்டது. அதில் உள்ள பாடத்தை, அதைப் பேணிய அறிஞர் மரபின் பெயரால் மசோரா பாடம் என்கிறோம். பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் இதையே அடிப்படையாகக் கொள்கின்றன. இதற்கு வெகுகாலம் முன்பே, கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து எபிரேய நூல்கள் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டன; அது எழுபதின்மர் மொழிபெயர்ப்பு. இரண்டும் பல இடங்களில் வேறுபட்டபோது, கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் மனம்போல மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக் கடந்துவிட முடிந்தது. 1947 முதல் 1956 வரை சாக்கடலை ஒட்டிய கும்ரான் பகுதியின் பதினொரு குகைகளில், கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்த எபிரேயச் சுருள்கள் கிடைத்த பிறகு அப்படிச் சொல்லித் தப்ப வழியில்லை. கிரேக்கப் பாடத்தோடு ஒத்துப்போகும் எபிரேயச் சுவடிகளும் அவற்றில் இருந்தன.

இனி கண்ணுக்கு வருவோம். வாசிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை. ஓரிடத்தில் கால் நொடி அளவு நின்று, அடுத்த இடத்துக்குத் துள்ளுகிறது. படியெடுப்பவருக்கு இதைவிடப் பெரிய துள்ளல் ஒன்றும் உண்டு. அவர் மூலச் சுவடியில் நாலைந்து சொற்களைப் படித்து, நினைவில் வைத்துக்கொண்டு, தம் சுவடியின் பக்கம் திரும்பி எழுதுகிறார். பிறகு மீண்டும் மூலத்துக்கு வந்து, விட்ட இடத்தைத் தேடுகிறார். அந்தத் தேடலுக்கு அவரிடம் இருக்கும் அடையாளம், தாம் கடைசியாக எழுதிய சொல் ஒன்றுதான். அந்தச் சொல் ஓரிரு வரிகள் தள்ளி இன்னொரு முறை வந்திருந்தால், கண் அந்த இரண்டாவது சொல்லில் போய் அமர்ந்துவிடும். தேடியது கிடைத்துவிட்டது என்று மனம் நிறைவடைந்துவிடுவதால் எச்சரிக்கை எதுவும் எழாது. இரண்டு சொற்களுக்கும் இடையில் இருந்த அத்தனையும் மறைந்துபோகும். இதைக் கண்தாவல் என்று அழைக்கலாம். கண் முன்னால் தாவாமல் பின்னால் தாவினால் அதே பகுதி இரண்டு முறை எழுதப்படும்; ஆனால் எழுதியதையே மறுபடி எழுதுகிறோம் என்பது கைக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும், விட்டுப்போனது தெரிவதில்லை. இந்தப் பிழையில் எனக்குப் பிடித்த அம்சம், அது தன் தடத்தைத் தானே வைத்துவிட்டுப் போகிறது என்பது: விடுபட்ட பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே சொல் நிற்கும்.

ஏசாயா 40-ஆம் அதிகாரத்தில் "புல் உலர்ந்து, பூ உதிரும்" என்ற தொடர் அடுத்தடுத்த இரு வசனங்களில் வருகிறது. முதல் குகையில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருளை எழுதியவர், முதலாவது தொடரை எழுதிவிட்டு இரண்டாவதற்குப் பின்னால் இருந்த "நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்" என்பதற்குத் தாவிவிட்டார். விட்டுப்போன சொற்களைப் பிற்காலத்துக் கை ஒன்று வரிக்கு மேலே எழுதத் தொடங்கி, இடம் போதாமல் ஓரத்தில் கீழ்நோக்கி இறக்கியிருக்கிறது. கடவுளின் பெயர் வரும் இடத்தில் எழுத்துகளுக்குப் பதிலாக நான்கு புள்ளிகள் இட்டிருக்கிறது. சுருளின் படத்தைப் பார்க்கும் எவரும் அந்தச் சரிவான வரியைக் காணலாம்.

இதைவிட அழகான சான்று சவுலின் கதையிலேயே இருக்கிறது. 1 சாமுவேல் 14:41-இல், குற்றவாளி யார் என்று அறியச் சவுல் கடவுளிடம் வேண்டுகிறான். மசோரா பாடத்தில் அவன் "இஸ்ரவேலின் தேவனே" என்று விளித்து, உடனே "தாமீம் தாரும்" என்கிறான். தாமீம் என்றால் குறையற்றது. எதைக் கேட்கிறான் என்பது விளங்காமல் உரையாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகத் திண்டாடினார்கள். கிரேக்கத்தில் வேண்டுதல் நீளமானது: இஸ்ரவேலின் தேவனே, இன்று ஏன் உம் அடியானுக்கு விடை தரவில்லை? குற்றம் என்னிடமோ என் மகன் யோனத்தானிடமோ இருந்தால், இஸ்ரவேலின் தேவனே, ஊரீம் தாரும். உம் மக்களாகிய இஸ்ரவேலிடம் இருந்தால் தும்மீம் தாரும். இஸ்ரவேல் என்ற சொல் மூன்று முறை வருகிறது. கண் முதல் இஸ்ரவேலிலிருந்து மூன்றாவது இஸ்ரவேலுக்குத் தாவினால் எஞ்சுவது, எபிரேயத்தில் இன்று நாம் காணும் வாக்கியமே. ஊரீம், தும்மீம் என்பவை குருக்கள் திருவுளச்சீட்டுப் போலப் பயன்படுத்திய பொருள்கள். எபிரேயத்தில் அக்காலத்தில் மெய்யெழுத்துகளையே எழுதினார்கள். ஊரீம் தொலைந்து தனித்து நின்ற 'த்ம்ய்ம்' என்ற எழுத்துக் கோவைக்குப் பிற்காலத்தவர் உயிர்க்குறி இட்டபோது, தும்மீம் என்று வாசிக்க எந்தத் துணையும் இல்லாததால் தாமீம் என்று வாசித்தார்கள்.

எழுத்துக் குழப்பம் இன்னொரு வகைப் பிழை. எபிரேயத்தில் தகர ஒலிக்கான தாலெத்தும் ரகர ஒலிக்கான ரேஷும் ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்டவை: மேலே ஒரு கிடைக்கோடு, வலப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு. இரண்டும் சந்திக்கும் மூலை கூர்மையாக இருந்தால் தாலெத், வளைந்திருந்தால் ரேஷ். மை சற்றுப் பரவினாலோ தோல் சுருங்கினாலோ வேறுபாடு போய்விடும். காலும் ரகரமும் ஒன்றுபோல் எழுதப்பட்ட, புள்ளி இடாத நம் ஏடுகளை வாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆதியாகமம் 10:4-இல் தோதானீம் எனப்படும் மக்களே 1 நாளாகமம் 1:7-இன் எபிரேயத்தில் ரோதானீம் ஆகிறார்கள்.

இப்போது வாசகரின் கேள்விக்குப் போகலாம். "காதுகேளாதவன்போல" என்று தமிழில் வருவதற்கு எபிரேயம் 'கெமஹரீஷ்'. பேசாதிருப்பவனைப் போல என்று பொருள். இதிலுள்ள ரேஷை தாலெத்தாக வாசித்தால், ஹோதெஷ், அதாவது மாதம் என்ற சொல் கிடைக்கிறது. "ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்து" என்று பொருள் மாறி, அடுத்த அதிகாரத்தில் அம்மோனியனாகிய நாகாஸ் யாபேஸ் என்ற இஸ்ரவேலரின் ஊரை முற்றுகையிடும் நிகழ்ச்சிக்கு முன்னுரையாகிவிடுகிறது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் இருப்பது மாதம்தான். சவுலின் மௌனம் ஒரு மூலையின் வளைவில் பிறந்திருக்கலாம். (வாசகர் குறிப்பிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு மௌனத்தையும் வைத்துக்கொண்டு மாதத்தையும் சேர்த்திருக்கிறது. ஒரே எழுத்துகளின் இரண்டு வாசிப்புகளையும் ஒரே கதையில் வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.)

கூடுதல் பத்தி வந்தது, 1952-இல் கண்டெடுக்கப்பட்ட நான்காம் குகையின் சாமுவேல் சுருள் ஒன்றிலிருந்து. கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்தச் சுருளில், அம்மோன் புத்திரரின் அரசன் நாகாஸ் இஸ்ரவேலரில் காத், ரூபன் என்ற இரு கோத்திரத்தாரை ஒடுக்கி, ஒவ்வொருவரின் வலக்கண்ணையும் பிடுங்கினான் என்றும், தப்பிய ஏழாயிரம் பேர் யாபேசுக்கு வந்து சேர்ந்தார்கள் என்றும் இருக்கிறது. அதன் பிறகு மாதம் வருகிறது, பிறகு முற்றுகை. கி.பி. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் கிரேக்கத்தில் எழுதிய வரலாற்றிலும் இதே செய்தி இதே இடத்தில் காணப்படுகிறது.

இந்தச் சுருளைப் பதிப்பித்த ஹார்வர்டு அறிஞர் ஃபிராங்க் மூர் கிராஸ், பத்தி பழமையானது, மசோரா மரபில் தொலைந்துவிட்டது என்றார். வேற்று நாட்டரசன் ஒருவனை முதன்முறை குறிப்பிடும்போது இன்ன நாட்டு அரசன் என்று சொல்வது இந்நூலின் வழக்கம். மசோரா பாடத்தில் நாகாஸ் அந்தப் பட்டம் இல்லாமல் திடீரென்று வருகிறான், சுருளில் பட்டத்தோடு வருகிறான் என்பது அவருடைய வலுவான வாதம். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் ரோஃபே இதை மறுத்தார்: யாபேஸ் மக்களின் வலக்கண்ணைப் பிடுங்குவேன் என்று நாகாஸ் பின்னால் மிரட்டுவதற்குக் காரணம் தேடிய யாரோ ஒருவர், அதே செயலை முன்கூட்டியே பெரிதாக்கிப் புனைந்து சேர்த்த விளக்கம் இது என்பது அவர் முடிவு. சவுலின் வேண்டுதலில் காட்டியதைப் போல எந்தச் சொல்லிலிருந்து எந்தச் சொல்லுக்குக் கண் தாவியது என்று இங்கே துல்லியமாகச் சுட்ட முடியாததும், கிரேக்கத்தில் மாதம் இருந்தும் பத்தி இல்லாததும் ரோஃபேயின் பக்கத்துக்குப் பலம் சேர்க்கின்றன. நான் கிராஸின் பக்கம் சாய்கிறேன். மாதம் பற்றிய தொடர் இரு நிகழ்ச்சிகளுக்கு இடையில்தான் பொருந்துகிறது, அந்த முதல் நிகழ்ச்சியைச் சுருள் தருகிறது.

எல்லா வேறுபாட்டையும் கண்ணின்மேல் சுமத்தக் கூடாது. எரேமியாவின் கிரேக்கப் பாடம் எபிரேயத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு, அதிகாரங்களின் வரிசையும் வேறு. நான்காம் குகையில் குறுகிய பாடத்தோடு ஒத்த எபிரேயத் துண்டும் நெடிய பாடத்தோடு ஒத்த துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அவை ஒரே நூலின் இரு பதிப்புகள். கோலியாத்தின் உயரம் மசோராவில் ஆறு முழமும் ஒரு சாணும், கிட்டத்தட்ட 2.9 மீட்டர், சாமுவேல் சுருளிலும் ஜோசிஃபஸிடமும் நான்கு முழமும் ஒரு சாணும், சுமார் 2 மீட்டர். இங்கே தாவல் இல்லை, கதையை வளர்த்திய கை இருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள்.

இத்தனை வேறுபாடுகள் இருக்கையில், வேதாகமத்தின் எழுத்துகளைச் சம இடைவெளியில் பொறுக்கினால் எதிர்காலம் தெரியும் என்று பேசுவோரைக் கண்டு வருத்தமே உண்டாகிறது. 1994-இல் ஒரு புள்ளியியல் ஆய்விதழ் அத்தகைய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. 1999-இல் அதே இதழிலேயே அது விரிவாக மறுக்கப்பட்டது. எழுத்து ஒன்று குறைந்தாலே இடைவெளிக் கணக்கு முழுவதும் சரியும், சுருள்களிலோ எழுத்துக்கூட்டல் கூட நிலையாக இல்லை. நம்பிக்கை உடையவர்களும் இல்லாதவர்களும் இதைத் தாமே சரிபார்க்கும் நிலை வர நெடுங்காலம் ஆயிற்று: நான்காம் குகையின் துண்டுகள் ஒரு சிறு குழுவின் கையில் இருந்தன, 1991-இல்தான் படங்கள் எல்லா ஆய்வாளர்களுக்கும் திறக்கப்பட்டன. 2012 முதல் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கரி மை அந்த ஒளியை விழுங்க, கறுத்த தோல் அதைத் திருப்பி அனுப்புவதால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் துலங்குகிறது. அகழ்வதற்குப் பணம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், படமெடுத்துப் பொதுவில் வைப்பதற்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்தப் படங்களில் சாமுவேல் சுருளின் நாகாஸ் பத்தியைத் தேடிப் பார்க்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். ஏழாயிரம் பேர் "கீலேயாத்தின் யாபேசுக்கு வந்தார்கள்" என்று எழுதிய எழுத்தர், அடுத்து "ஒரு மாதம் கழிந்து நாகாஸ் வந்து கீலேயாத்தின் யாபேசை முற்றுகையிட்டான்" என்று எழுதியிருக்க வேண்டும். அவருடைய கண் முதல் யாபேசிலிருந்து இரண்டாவது யாபேசுக்குத் தாவிவிட்டது. விட்டுப்போன மாதம், இரண்டு வரிகளுக்கு நடுவில் சிறிய எழுத்துகளில் இருக்கிறது.